சத்தம் போடாமல் சங்கீதம் படித்த இடம்

சென்ற மாதம் ஸ்காபரோவில் ஒரு மிருதங்க அரங்கேற்றத்துக்குப் போயிருந்தேன். இடைவேளையில் வடைக்கும் தேநீருக்கும் வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற ஓர் இளம் தாய் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, நீங்கள்தானே பாட்டு ரீச்சர்? என்ரை மகள் வயலின் பழகிறாள். நாங்கள் இருக்கிறது பேஸ்மென்ற். மேலை இருக்கிற ஆக்கள் ஆறு மணிக்குப் பிறகு வில்லைத் தொடக்கூடாது எண்டிட்டினம். பிள்ளை பள்ளிக்கூடத்தாலை வரவே ஐஞ்சு மணி. எங்கை கொண்டுபோய்ப் பழக விடுறது, சொல்லுங்கோ?"

நான் ஏதோ ஆறுதலாகச் சொன்னேன். வரிசை நகர்ந்தது, வடை வந்தது, மணி அடித்தது. அவரின் பெயரையோ ரெலிபோன் நம்பரையோ கேட்காமல் விட்டுவிட்டேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் சொல்ல வேண்டியது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. இந்தப் பத்திரிகை எங்கள் சனத்தின் பலசரக்குக் கடைகளிலெல்லாம் கிடக்கிறது. எப்படியும் அவர் கண்ணில் படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். கொஞ்சம் என் சொந்தக் கதையும் சேர்ந்து வரும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் வாய்ப்பாட்டுப் படித்தவள். 1960இல் தொடங்கப்பட்டு, 1975இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்க்கப்பட்ட நிறுவனம் அது. மகாராஜபுரம் சந்தானம் போன்றவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து அதிபராக இருந்து படிப்பித்த இடம் என்று எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. என் படிப்பு 1987 ஐப்பசியோடு நின்றுபோனது. அந்த ஐப்பசியில் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்று இந்தப் பத்திரிகை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நல்லூர்க் கோவிலுக்குள் ஆயிரக்கணக்கான சனத்தோடு நாங்களும் இருந்தோம். ஷெல் சத்தம் ஓய்கிற நேரம் பார்த்து ஒரு கிழவர் தேவாரம் பாடுவார். சுருதி சேராது. ஆனால் அந்த நாட்களில் அதைவிடச் சுகமான பாட்டை நான் கேட்கவில்லை.

1990இல் கனடா வந்து சேர்ந்தேன். செயின்ற் ஜேம்ஸ் ரவுணில் இரண்டு அறை அப்பாட்மென்றில் ஏழு பேர். என் கணவர், நான், அவருடைய தமையன் குடும்பம், வாடகையில் பங்கு போட இரண்டு பெடியள். பெடியள் இரவு வேலை, பகலில் நித்திரை. தமையன் பகல் வேலை, இரவில் நித்திரை. இருபத்திநாலு மணித்தியாலமும் அந்த வீட்டில் யாரோ ஒருவர் நித்திரை. பாடுவதற்கு நேரமேது, இடமேது? குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு, சரளி வரிசை பாடிப் பார்த்தேன். இரண்டாம் கிழமை சுப்பரின்ரெண்டன்ற் கதவுக்குக் கீழே ஒரு கடதாசி தள்ளிவிட்டுப் போனார். சத்தம் பற்றிய முறைப்பாடு, மீண்டும் நடந்தால் நடவடிக்கை என்று இருந்தது. அகதிக் கோரிக்கை முடிவு வராத காலம். 'நடவடிக்கை' என்ற சொல்லைப் பார்த்தவுடன் கணவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"நீர் என்னத்துக்கு இப்ப பாடுறீர்? வழக்கு முடியட்டும், பிறகு பாடலாம்" என்றார்.

வழக்கு முடிந்தது. ஆனால் நான் பாடவில்லை. முணுமுணுக்கப் பழகிவிட்டேன். முணுமுணுத்தே இருந்தால் தொண்டைக்கு மேல்ஸ்தாயிக்குப் போகும் வழி மறந்துபோகும். மேல் சட்சமத்தைத் தொடப்போனால் கதவு பூட்டியிருப்பது போல இருக்கும். பாட்டுப் படித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

ஊரில் என் பாட்டுக் கொப்பிகள் ஐந்து இருந்தன. எங்கள் ஆசிரியை சொல்லச் சொல்ல நான் சுரப்படுத்தி எழுதியவை. வர்ணங்கள், கீர்த்தனைகள், பதங்கள், திருப்புகழ் எல்லாம் அதற்குள். கொக்குவிலில் அம்மாவின் றங்குப்பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன என்ற நம்பிக்கையில் நான் இங்கே இருந்தேன். 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அம்மாவும் நடந்தார். அடுத்த வருடம் ஆவணியில் அவரின் கடிதம் வந்தது. வீட்டுக்குக் கூரை இல்லையாம், பெட்டியும் இல்லையாம். "பிள்ளை, உன்ரை பாட்டுக் கொப்பியளைத் தூக்கிக்கொண்டு வர ஏலாமல் போச்சு, குறை நினையாதை" என்று கடைசி வரியில் எழுதியிருந்தார். எழுபது வயது மனிசி, கைத்தடியோடு கைதடிக்கு நடந்த மனிசி, என்னிடம் மன்னிப்புக் கேட்கிறா!

அந்தக் குளிர்காலத்தில்தான் நான் சொல்ல வந்த இடத்தைக் கண்டேன்.

அப்போது எனக்கு இரண்டு வேலை. காலையில் ஒரு பக்டரி. மாலையில் புளோர் வீதியும் அவெனியூ றோட்டும் சந்திக்கும் இடத்துக்குக் கிட்ட ஓர் அலுவலகக் கட்டடத்தில் கிளீனிங். மகளுக்கு இரண்டு வயது. கணவர் மூன்றரைக்கு வந்துவிடுவார், பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டால் நாலரைக்கு மியூசியம் ஸ்ரேசனில் இறங்குவேன். வேலை ஆறு மணிக்கு. ஒன்றரை மணித்தியாலம் எங்கே நிற்பது? கோப்பிக் கடையில் இருந்தால் காசு. மியூசியத்துக்கு ரிக்கற். ஸ்ரேசனுக்குள்ளேயே நடந்து திரிவேன். என்னோடு வேலை செய்த ஒரு போர்த்துக்கேயப் பெண், நான் விளக்குமாற்றோடு முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறார் போலும். ஒருநாள் கையைக் காட்டிச் சொன்னார்: "மியூசியத்துக்குப் பக்கத்தில், பூட்டிக் கிடக்கிற கோளரங்கத்துக்குப் பின்னால் ஒரு கட்டடம் இருக்கிறது. அங்கே நாள் முழுக்க ஆட்கள் கத்துகிறார்கள், யாரும் முறைப்பாடு செய்வதில்லை."

அடுத்த நாளே போய்ப் பார்த்தேன். குவீன்ஸ் பார்க் வீதியில் 80ஆம் இலக்கம், எட்வேர்ட் ஜோன்சன் கட்டடம். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் இசைப் பீடம். வெளியில் பார்த்தால் பெரிய வடிவு ஒன்றும் இல்லை. உள்ளே போனால் ஒரு அறையில் பியானோ, அடுத்ததில் ஒரு பெண் குரல், அதற்கப்பால் ஒரு ஊதுகருவி. எல்லாம் ஒன்றோடொன்று மோதி, எங்கள் ஊர்த் திருவிழாவில் இரண்டு கூட்டம் மேளம் ஒரே வீதியில் சமா வைத்தது போல இருந்தது. நான் அந்த நடையில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். இவ்வளவு சத்தம், ஒரு கடதாசியும் கதவுக்குக் கீழே வரவில்லை.

எட்வேர்ட் ஜோன்சன் யாரென்று பிறகு வாசித்து அறிந்தேன். ஒன்ராறியோவில் குவெல்ஃப் என்ற ஊரில் 1878இல் பிறந்த பாடகர். இத்தாலியில் பாடப் போனபோது தன் பெயரையே 'எதுவார்தோ டி ஜொவானி' என்று மாற்றிக்கொண்டவர். பிறகு நியூயோர்க்கின் புகழ்பெற்ற மெற்ரோபொலிற்றன் ஒபேராவுக்கு 1935 தொடக்கம் 1950 வரை முகாமையாளராக இருந்தார். வேலை கிடைப்பதற்குப் பெயரைச் சுருக்கிக்கொள்ளும் எங்கள் பெடியள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், கனடாக்காரனும் செய்திருக்கிறான்!

அந்தக் கட்டடத்துக்குள்தான் இசை நூலகம். கனடாவிலேயே மிகப் பெரிய இசை ஆராய்ச்சித் தொகுப்பு அது. 1990இல் திறந்த புதிய பகுதிக்குள் இருந்தது. வெளியே இருந்த இரைச்சலுக்கு நேர் எதிர். கதவைத் தள்ளி உள்ளே போனால் கடதாசி புரளும் சத்தம் மட்டும்தான். நீள மேசைகள், தனித்தனியாக மறைப்பு வைத்த சிறு மேசைகள், காதில் ஹெட்போனோடு பிள்ளைகள். சிலர் ஸ்வரத்தாளைப் பார்த்துக்கொண்டு ஒரு விரலால் மேசையில் தாளம் போட்டார்கள், அதுவும் சத்தமில்லாமல். சங்கீதத்துக்கென்றே கட்டிய இடத்தில் ஒருவரும் பாடவில்லை என்பது எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது.

கிளீனிங் உடுப்போடு நின்ற என்னை நூலகரான அம்மா எந்த வித்தியாசமும் இல்லாமல் வரவேற்றார். என்னுடைய அரைகுறை ஆங்கிலத்தில் தென்னிந்திய இசை என்றேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் அலுமாரிகளின் ஒழுங்கைச் சொல்லித் தந்தார். 'எம்' என்ற எழுத்தில் தொடங்குவது ஸ்வரத்தாள்கள், 'எம்எல்' என்பது இசையைப் பற்றிய நூல்கள், 'எம்ரி' என்பது கற்பிக்கும் நூல்கள். இந்தியாவின் இசை வரலாற்றுக்கு எம்எல் 338. இந்த இலக்கத்தை நான் இன்றும் மறக்கவில்லை. என்னுடைய முதலாவது கனடா வீட்டின் கதவிலக்கம் மறந்துபோய்விட்டது, இது நிற்கிறது. அந்தத் தட்டிலே, மருதனார்மடத்தில் எங்களுக்குப் பாடநூலாக இருந்த பேராசிரியர் சாம்பமூர்த்தியின் ஆங்கிலப் புத்தகத்தைக் கண்டேன். அதே ஆள், அதே படங்கள். ஊரில் ஒரு பிரதியைப் பத்துப் பேர் பங்கு போட்டுப் படித்தோம். இங்கே அது தூசி தட்டி, நிமிர்ந்து நின்றது.

தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் ரொபாட்ஸ் என்ற பெரிய நூலகத்தில் தேட வேண்டும் என்றும் சொன்னார். நான் விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' பற்றி அவருக்கு விளங்கப்படுத்தினேன். காரைதீவில் பிறந்த துறவி, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், பழைய யாழின் சுருதிகளைக் கணக்குப் போட்டுக் கண்டவர், 1947 ஆனியில் நூலை அரங்கேற்றி அடுத்த மாதமே கண்ணை மூடியவர் என்றெல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டு ஒரு துண்டில் பெயரை எழுதி வைத்துக்கொண்டார். நான் ரொறன்ரோவுக்கு வந்து ஆறு வருடத்தில், என்னிடம் படித்த விஷயத்தைப் பற்றி ஒருவர் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

அங்கே இசைத்தட்டு கேட்கலாம். இலக்கத்தை எழுதிக் கொடுத்தால் எடுத்துத் தருவார்கள், ஹெட்போனில் கேட்க வேண்டும். முதல் நாள் எனக்குக் கிடைத்தது இராம்நாட் கிருஷ்ணன் பாடியது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நொன்சச் கம்பனி வெளியிட்ட தட்டு. அவர் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். தம்பூரா தொடங்கியதுதான் தெரியும். யாரோ என் தோளை மெல்லத் தொட்டார்கள். நூலகர். நான் திடுக்கிட்டு எழும்பிவிட்டேன். சுப்பரின்ரெண்டன்ற் ஞாபகம்தான் வந்தது.

அவர் சிரித்தார். "நீங்கள் பாடுகிறீர்கள், உங்களுக்குத் தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. சத்தமாகவே பாடியிருக்கிறேன். பக்கத்து மேசைப் பெடியன் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இங்கே வாசிக்கலாம், கேட்கலாம், பாட முடியாது. பாடும் அறைகள் கீழே இருக்கின்றன, ஆனால் அவை இந்தப் பீடத்து மாணவருக்கு மட்டும்" என்று, அது தன்னுடைய பிழை மாதிரிச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். "இல்லை இல்லை, நன்றாக இருந்தது" என்றார்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம், வேலைநாட்களில் அந்த ஒன்றரை மணித்தியாலம் அங்கேதான். ஒரு டொலர்க் கடையில் கொப்பி வாங்கினேன். தட்டைக் கேட்பேன், நிறுத்துவேன், சுரப்படுத்தி எழுதுவேன், மறுபடி கேட்பேன். வாய் அசையாமல் மனதுக்குள் பாடப் பழகினேன். ஊசி ஒரே இடத்தில் பத்துத் தரம் திரும்பும். எங்கள் ஆசிரியை படிப்பித்த பாடமும் தட்டில் இருக்கும் பாடமும் எல்லா இடத்திலும் ஒத்துவராது. அப்படியான இடங்களில் ஆசிரியையின் பாடத்தைத்தான் எழுதினேன், ஞாபகம் வந்தால். வராத இடத்தை வெறுமையாக விட்டேன். 1998 கோடையில் வேலை மாறும்போது கொப்பியில் நாற்பத்திரண்டு உருப்படிகள் இருந்தன. ஊரில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அதை வைத்துத்தான் பாட்டு வகுப்புத் தொடங்கினேன்.

கிடைக்காதவை என்னவென்றால், எங்கள் ஊராருடைய பாட்டுகள். இணுவில் வீரமணி ஐயரை எல்லோருக்கும் தெரியும். மயிலைக் கற்பகாம்பாள் மீது அவர் இயற்றியதை ரி.எம்.சௌந்தரராஜன் பாடித் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களிலும் கீர்த்தனை செய்தவர், 2003இல் காலமானார். அவருடைய உருப்படிகள் சில என் பழைய கொப்பியில் இருந்தன. தியாகராஜரும் தீட்சிதரும் அந்த அலுமாரிகளில் இருந்தார்கள், நல்லூரும் மாவிட்டபுரமும் நான் தேடிய நாட்களில் தட்டுப்படவில்லை. அது அந்த நூலகத்தின் குற்றமில்லை. அச்சிட்டு, தட்டில் பதிந்து, உலகத்துக்கு அனுப்பினால்தானே அலுமாரிக்கு வரும். எங்களிடம் அச்சில் இருந்தவையும் 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் தொண்ணூற்றேழாயிரம் புத்தகங்களோடு போனவை போக மிச்சம்தான்.

இன்னொரு விஷயமும் அந்த நூலகத்தில்தான் அறிந்தேன், அறிந்து வெட்கப்பட்டேன். எங்கள் சனம் இந்த நகரத்துக்குத் திரளாக வருமுன்னரே, 1971இல், யோர்க் பல்கலைக்கழகத்தில் கர்நாடக இசை படிப்பிக்கத் தொடங்கிவிட்டார்கள். தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மாணாக்கரான மிருதங்க வித்துவான் திருச்சி சங்கரன். மற்றவர் ஜோன் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்கர். சென்னையில் கச்சேரி செய்து 'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்று பெயரெடுத்தவர். 1984இல், நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போன இடத்தில் குடிபோதையில் வந்த ஒருவரின் வாகனம் மோதி இறந்துபோனார். சங்கரன் அவர்கள் தொடர்ந்து பல பத்தாண்டுகள் யோர்க்கில் படிப்பித்தார், 2011இல் சென்னை மியூசிக் அக்கடமி அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது. இப்படி ஒருவர் நான் இருக்கும் நகரத்திலேயே இருக்க, நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றிருக்கிறேன். போய்ப் படித்தேனா என்றால், இல்லை. கட்டணம், இரண்டு வேலை, பிள்ளை, கீல் வீதிக்குப் போகும் தூரம். காரணங்கள் எல்லாம் உண்மைதான். என்றாலும் ஒருதரம் போய்க் கதவைத் தட்டியிருக்கலாம்.

அந்தக் கட்டடத்தின் பெரிய அரங்குக்கு மக்மிலன் அரங்கு என்று பெயர். ஏர்ணஸ்ற் மக்மிலன் இசைப் பீடத்தின் தலைவராகவும் ரொறன்ரோ சிம்பனியின் நடத்துநராகவும் நீண்டகாலம் இருந்தவர், 'சேர்' பட்டம் பெற்றவர். அவருடைய வரலாற்றில் ஒரு பகுதி என்னை விடவில்லை. 1914இல் ஜேர்மனிக்குச் சங்கீதம் கேட்கப் போன இளைஞனை, யுத்தம் தொடங்கியதும் பிடித்துவிட்டார்கள். பேர்ளினுக்குக் கிட்ட ரூலேபென் என்ற குதிரைப் பந்தயத் திடலை முகாமாக்கி, குதிரை லாயங்களில் மனிதரை அடைத்திருந்தார்கள். யுத்தம் முடியும்வரை அங்கேதான். அவர் அந்த முகாமுக்குள் இருந்துகொண்டே சக கைதிகளைச் சேர்த்து இசை நிகழ்ச்சிகள் நடத்தினார், ஒக்ஸ்போர்ட் கலாநிதிப் பட்டத்துக்கான இசை ஆக்கத்தையும் எழுதி முடித்தார். இதை வாசித்த அன்று கொப்பியை மூடிவிட்டு அப்படியே இருந்தேன். நல்லூர்க் கோவிலில் எங்களுக்குள்ளும் அப்படி ஒருவர் இருந்திருக்கலாம். தேவாரக் கிழவரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

சரி, மகளின் கதைக்கு வருகிறேன்.

என்னுடைய வகுப்பில் என்னுடைய மகள்தான் கெட்டிக்காரி என்று நான் சொன்னால் தாய்ப் பாசம் என்பீர்கள். மற்றவர்களும் சொன்னார்கள். பன்னிரண்டாம் வகுப்பில், 2012இல், இசைதான் படிக்கப் போகிறேன் என்றாள். பல்கலைக்கழக இசைப் பீடத்துக்குள் போக மேனாட்டு இசையில் பாடிக் காட்ட வேண்டும், அதற்கு அவள் ஆயத்தமில்லை. இன்னொரு வருடம் நின்று அதையும் பழகிப் போகிறேன் என்றாள். என் கணவர் சாப்பாட்டு மேசையில் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"உம்மாலைதான் உந்த எண்ணம் பிள்ளைக்கு வந்தது. பாட்டுப் படிச்சு நீர் என்ன கண்டனீர்? கிளீனிங்தானே செய்தனீர்?" என்றார்.

அவர் கெட்ட மனிதரில்லை. இருபது வருடமாக விடிய நாலு மணிக்கு எழும்பி வேலைக்குப் போனவர். மகள் என்னைத்தான் பார்த்தாள். நான் ஒன்றும் கதைக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருடமாக வாயைத் திறக்காமல் பழகியிருந்தேன், திறக்க வேண்டிய நாளில் திறக்கவில்லை. பிள்ளை அதே பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கப் போனாள். சண்டை பிடிக்கவில்லை, அழவுமில்லை. பாட்டைப் பற்றி வீட்டில் கதைப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

இரண்டாம் வருடம் சோதனைக் காலத்தில் ஒரு இரவு போன் எடுத்தாள். "அம்மா, ரொபாட்ஸிலை இருக்கக் கதிரை இல்லை. நான் படிக்க ஒரு நல்ல இடம் கண்டுபிடிச்சிட்டன். மியூசிக் பில்டிங்குக்குள்ளை ஒரு லைபிரறி. ஒருத்தரும் சத்தம் போடமாட்டினம்."

எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. நான் அந்த இடத்தைப் பற்றி அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. கிளீனிங் உடுப்போடு போன கதை பிள்ளைக்கு எதற்கு என்று விட்டிருந்தேன். "எம்எல் 338 எங்கை எண்டு போய்ப் பார்" என்றேன். "என்னம்மா?" என்றாள். அன்று இரவு ஒரு மணிவரை கதைத்தோம். கொப்பியின் கதை, அம்மம்மாவின் கடிதம், தோளில் தட்டிய நூலகர், எல்லாம். கடைசியில் சாப்பாட்டு மேசையையும் சொன்னேன். "தெரியும் அம்மா" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த மாதம் அவளே ஒரு அலுவல் பார்த்தாள். யோங் வீதியில் 789ஆம் இலக்கத்தில் இருக்கும் ரொறன்ரோ றெபரன்ஸ் நூலகத்தில் பியானோ வைத்த பயிற்சி அறைகள் இருக்கின்றன. பல்கலைக்கழக மாணவராக இருக்கத் தேவையில்லை, நூலக அட்டை போதும். அவள் பதிந்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பியானோவை நாங்கள் தொடவில்லை. சுருதிப்பெட்டியை அதன் மேல் வைத்தோம். கதவைச் சாத்தினாள்.

"பாடுங்கோ."

"ஆருக்கும் கேக்குமோ?"

"கேட்டால் கேக்கட்டும். அதுக்குத்தானே இந்த அறை."

கல்யாணி வர்ணத்தைத் தொடங்கினேன். அனுபல்லவிக்கு வரமுன் குரல் உடைந்தது, இருமினேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி தொடங்கினேன். மேல் சட்சமம் வந்தது என்று சொல்லமாட்டேன். கிட்டப் போனேன். மிச்சத்தை மகள் எடுத்துப் பாடினாள். நான் எழுதாமல் வெறுமையாக விட்டிருந்த ஓரிடத்தை இரண்டு பேரும் சேர்ந்து பாடும்போது ஆசிரியையின் சங்கதி தானாக வாயில் வந்தது. மகள் உடனே கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள்.

வெளியே வந்து அந்தப் பெரிய கூடத்தில் கொஞ்ச நேரம் இருந்தோம். ஐந்து மாடியும் ஒரே பார்வையில் தெரியும்படி நடுவில் வெளி விட்டுக் கட்டிய கட்டடம். 1977இல் திறந்தது. வரைந்தவர் றேமண்ட் மொரியாமா. எங்கள் ஸ்காபரோ சிவிக் சென்ரரும் அவர் வரைந்ததுதான், எத்தனையோ தடவை அதற்குள் போய்வந்திருப்போம். வன்கூவரில் பிறந்த அந்த யப்பானியப் பிள்ளையை இரண்டாம் உலக யுத்தத்தில் கனடா அரசே குடும்பத்தோடு மலைநாட்டு முகாம் ஒன்றில் அடைத்து வைத்தது. சிறு வயதில் நெருப்புக் காயம் பட்ட முதுகை மற்றவர்கள் பரிகசித்ததால் பொதுக் குளியலறைக்குப் போகாமல் ஆற்றில் குளிப்பாராம். யாராவது வருகிறார்களா என்று பார்ப்பதற்கு ஒரு மரத்தில் பரண் கட்டினார். அதுதான் அவர் கட்டிய முதல் கட்டடம். 2023இல் தொண்ணூற்று மூன்று வயதில் காலமானார். மகள் இதை எனக்குச் சொன்னபோது நான் மக்மிலனின் குதிரை லாயத்தை அவளுக்குச் சொன்னேன். எனக்குப் பாட இடம் தேடித்திரிந்த இரண்டு கட்டடங்களிலும் முகாமில் இருந்தவர்களின் பெயர் இருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் அடிக்கடி நினைப்பேன்.

இனி, வடை வரிசையில் நின்ற தங்கச்சிக்கு.

உங்கள் பிள்ளைக்கு நூலக அட்டை எடுத்துக் கொடுங்கள், காசில்லை. பயிற்சி அறையை முன்கூட்டியே பதிய வேண்டும். போகுமுன் போன் பண்ணி நேரத்தையும் விதிகளையும் கேளுங்கள், அவை மாறுவதுண்டு. பார்க்டேல் கிளையில் 2016 தொடக்கம் புத்தகம் மாதிரி வாத்தியமும் இரவல் கொடுக்கிறார்கள், வயலினும் உண்டு. பிள்ளை வளர வளரப் பெரிய வயலின் வாங்கிக் காசு முடிவது உங்களுக்குத் தெரியும்தானே. பல்கலைக்கழக இசை நூலகத்தில் இரவல் எடுக்க அவர்களுடைய அட்டை வேண்டும். நான் போன காலத்தில் உள்ளே இருந்து வாசிக்க ஒருவரும் தடுக்கவில்லை. இப்போது எப்படி என்று கேட்டுவிட்டுப் போங்கள். பிள்ளை அங்கே ஒரு பின்னேரம் இருந்து நல்ல வயலின் வித்துவான்களைக் கேட்கட்டும். பாட நேர்ந்தால் தோளில் தட்டுவார்கள், பயப்படத் தேவையில்லை. மேல் வீட்டுக்காரருக்கு ஒருநாள் கொஞ்சம் பயிற்றம் பணியாரம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஆறு மணியை ஏழாக்கக் கேட்டுப் பாருங்கள். சில வேளைகளில் அதுவும் சரிவரும்.

மகள் இப்போது ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறாள். சனிக்கிழமைகளில் என் வகுப்பின் சின்னப் பிள்ளைகளை அவள்தான் பார்க்கிறாள். நாற்பத்திரண்டு உருப்படிக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்திருக்கிறாள். ஸ்காபரோ வளாகத்தில் எங்கள் சனம் மூன்று மில்லியன் டொலர் சேர்த்து 2021இல் தமிழ் இருக்கை ஒன்றை நிலைநாட்டியது. இப்படியான கொப்பிகளை அங்கே யாரிடமாவது காட்ட வேண்டும் என்கிறாள். எனக்கு அந்தக் கொப்பியில் இன்னும் வெற்றிடங்கள் இருப்பதுதான் கவலை. வீரமணி ஐயரின் உருப்படிகளையோ, யாழ்ப்பாணத்து ஆலயங்கள் மீது பாடிய வேறு கீர்த்தனைகளையோ சுரப்படுத்திய பழைய கொப்பி யாரிடமாவது இருந்தால், ஒற்றைத் தாளாக இருந்தாலும் சரி, பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவேன்.